மேடைக்குக் கீழே நின்ற தலைவர்

போன ஆகஸ்ட் 15 அன்று ஊத்தங்கரை வட்டாரத்தில் ஒரு கிராம சபைக் கூட்டத்துக்குப் போயிருந்தோம். பள்ளிக்கூட மைதானத்தில் பந்தல். இரண்டு வரிசை பிளாஸ்டிக் நாற்காலி. எதிரே தரையில் ஜமுக்காளம். கொடியேற்றி மிட்டாய் கொடுத்து முடித்ததும், மேடையில் சால்வை போர்த்தினார்கள். பத்தாம் வகுப்பிலும் பிளஸ் 2-விலும் அதிக மதிப்பெண் வாங்கிய பிள்ளைகளுக்குப் பரிசு கொடுத்தார்கள். நல்ல காரியம்தான். நாமும் கைதட்டினோம்.

அடுத்து மனுக்களை வாங்கினார்கள். காலனியிலிருந்து நான்கு மனுக்கள் வந்திருந்தன. முதியோர் உதவித்தொகை நின்றுபோன ஒரு ஆயாவுக்கு ஒன்று. எரியாத தெருவிளக்குக்கு ஒன்று. வீட்டுமனைப் பட்டாவுக்கு ஒன்று. தண்ணீர் வராத குழாய்க்கு ஒன்று. மேசையில் கிடந்த அவற்றை அருகில் நின்று பார்த்தபோதுதான் கவனித்தோம். நான்கும் ஒரே கையெழுத்து. உருண்டையான, அடித்தல் திருத்தல் இல்லாத, பள்ளிக்கூடப் பிள்ளையின் கையெழுத்து.

“இதையெல்லாம் எழுதினது யாரு?” என்று கேட்டோம். பந்தலுக்கு வெளியே டம்ளரில் தண்ணீர் ஊற்றிக் கொடுத்துக்கொண்டிருந்த ஒரு மாணவியைக் கைகாட்டினார்கள். அரசுப் பள்ளியில் பிளஸ் 1 படிக்கிறார். கூட்டம் முடியும்வரை மேடையிலிருந்து யாரும் அவர் பெயரைச் சொல்லவில்லை.

அவர் பெயரை நாமும் இங்கே எழுதப்போவதில்லை. அவர் இன்னும் பதினெட்டு வயது நிரம்பாதவர். “பேப்பர்ல பேரு போடாதீங்கண்ணா, வீட்ல பயப்படுவாங்க” என்று அவரே கேட்டுக்கொண்டார். ஆனால் ஒன்று. அவரை ‘அவள்’ என்று எழுதாமல் ‘அவர்’ என்றே எழுதுகிறோம். நரைத்த தலையோடு நின்ற நம் தாத்தாக்களை, ஊருக்குள் பொடிப்பிள்ளைகள்கூட ‘வாடா, போடா’ என்று கூப்பிட்டதைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். மரியாதை விகுதிக்கு என்ன விலை என்பது நமக்குத் தெரியும்.

நோட்டுப் புத்தகத்தில் ஒரு காலனி

கொரோனாவில் பள்ளிகள் மூடிக் கிடந்தபோது அவர் ஆறாம் வகுப்பு. அந்தக் காலனியில் பாதி வீடுகளில் அப்பா அம்மா பெங்களூரில் கட்டட வேலைக்குப் போயிருப்பார்கள். பிள்ளைகள் ஆயாவோடு இருப்பார்கள். செல்போனில் பாடம் நடத்துகிறார்கள் என்றார்கள். செல்போன் அப்பாவோடு பெங்களூரில் இருந்தது. பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் எழுத்தை மறக்கத் தொடங்கியதைப் பார்த்து, கோயில் திண்ணையில் உட்காரவைத்து வாசிக்கச் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்திருக்கிறார்.

அரசு 2021 அக்டோபரில் ‘இல்லம் தேடிக் கல்வி’ திட்டத்தைத் தொடங்கியது. தன்னார்வலருக்கு மாதம் 1,000 ரூபாய் ஊக்கத்தொகை. அதற்கு குறைந்தது பிளஸ் 2 முடித்திருக்க வேண்டும். இவர் அப்போது ஏழாம் வகுப்பு. எந்தப் பட்டியலிலும் இல்லாமலேயே அந்த வேலையைச் செய்துகொண்டிருந்தார். இன்றும் மாலை ஆறரை மணிக்குப் பிள்ளைகள் வருகிறார்கள்.

அவரிடம் ஒரு பழைய நோட்டு இருக்கிறது. எந்தப் பிள்ளை எத்தனை நாள் பள்ளிக்குப் போகவில்லை என்று அதில் குறித்திருக்கிறார். மூன்று நாள் தொடர்ந்து போகாவிட்டால் அந்த வீட்டுக்குப் போய்விடுவார். காய்ச்சலா, யூனிபார்ம் இல்லையா, மாந்தோப்புக்குக் கூலிக்குப் போனானா, வகுப்பில் யாராவது சாதியைச் சொல்லித் திட்டினார்களா என்று கேட்பார். படிப்பை விடுகிற பிள்ளை ஒரே நாளில் விடுவதில்லை. முதலில் மூன்று நாள், பிறகு பத்து நாள், பிறகு ஒரு மாதம். ஒரு மாதம் ஆனபிறகு அதிகாரி வந்தாலும் கூட்டிவர முடியாது. மூன்றாம் நாளே போய் நிற்பதால்தான் அவரால் முடிகிறது. பெரிய படிப்பு படித்த நமக்கு இந்தக் கணக்கு தோன்றவில்லை.

ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தி பள்ளிக்கு வராமல் போனதன் காரணத்தை விசாரித்து, ஆசிரியையிடம் சொல்லி, ஒரு கல்யாணப் பேச்சை நிறுத்தியும் இருக்கிறார். அதை இதற்கு மேல் விரித்து எழுதினால் இரண்டு பிள்ளைகளுக்குமே தொல்லை. இத்தோடு விடுகிறோம்.

இத்தனைக்கும் வீட்டில் என்ன பெயர்? அவருடைய ஆயா நம்மிடம் சொன்னார்: “அவளுக்கு வேற வேல இல்ல சாமி. ஊருப் புள்ளைங்கள எல்லாம் கூட்டி வெச்சிக்கினு கத்திக்கினு கெடக்கறா.” ஆயா கோபத்தில் சொல்லவில்லை. அதை ஒரு வேலை என்று அவருக்கு யாரும் சொன்னதில்லை.

ஏன் கண்ணில் படவில்லை?

ஊத்தங்கரை மதிப்பெண்ணுக்குப் பேர்போன ஊர். இங்குள்ள தனியார் பள்ளிகளில் சேர்க்க வெளிமாவட்டங்களிலிருந்தும் பெற்றோர் வந்தார்கள். ரேங்க் வாங்கிய பிள்ளைகளின் படம் போட்ட பேனர் ரவுண்டானாவுக்கு ரவுண்டானா தொங்கும். அதனால் ‘நல்ல பிள்ளை’ என்றால் 500-க்கு எத்தனை என்று மட்டும் கேட்கப் பழகிவிட்டோம். இருபது பிள்ளைகளைப் பள்ளியில் தக்கவைத்தவருக்கு மார்க் ஷீட்டில் கட்டம் கிடையாது.

இரண்டாவது, வயிற்றுப்பாடு. ஓசூர், பர்கூர், போச்சம்பள்ளி என்று நம் மாவட்டத்தைச் சுற்றித் தொழிற்சாலைகள். பதினெட்டு முடிந்ததும் கம்பெனி பஸ் வாசலுக்கு வரும். அந்தச் சம்பளம் நம் வீடுகளில் அடுப்பெரிக்கிறது. அதைக் குறை சொல்ல மாட்டோம். ஆனால் பஸ் வரும்வரை காத்திருக்கிற கையாக மட்டுமே நம் பெண்பிள்ளைகளைப் பார்க்கத் தொடங்கினால், அவர்கள் எழுதும் மனுவும் எடுக்கும் வகுப்பும் ‘வெட்டிவேலை’யாகத்தான் தெரியும்.

மூன்றாவது, சாதி. ஊத்தங்கரை சட்டமன்றத் தொகுதி தனித் தொகுதி. நம்மவர் ஒருவர் சட்டமன்றத்தில் போய் உட்கார முடிகிறது. ஆனால் ஊர்ப் பொதுக் காரியத்தில் காலனிப் பிள்ளை ஒன்று முன்னால் நின்றால், ‘இதுக்கு எதுக்கு இந்த வேல’ என்கிற முணுமுணுப்பு இன்னும் எழுகிறது. தலைமை என்பது பெரிய தெருவிலிருந்து வருவது, உதவி என்பது காலனிக்குப் போவது என்ற பழைய வழக்கு அவ்வளவு சீக்கிரம் மாறுவதில்லை.

தொடங்கிவைத்தவர்கள் பிள்ளைகள்தான்

நம் வரலாற்றைத் திருப்பிப் பார்த்தால், பல கதவுகளை முதலில் தட்டியது சின்னக் கைகள்.

1855-ல் புனேவில் முக்தா சால்வே என்ற பதினான்கு வயதுச் சிறுமி ஒரு கட்டுரை எழுதினார். தீண்டத்தகாதவராக ஒதுக்கப்பட்ட மாங் சாதியில் பிறந்தவர். ஜோதிராவ் புலே - சாவித்திரிபாய் புலே தம்பதியின் பள்ளியில் மூன்றே ஆண்டுகள் படித்தவர். மாங், மகர் மக்களின் துயரத்தைப் பற்றிய அந்தக் கட்டுரை ‘ஞானோதயா’ இதழில் வெளிவந்தது. எங்களுக்கு எது மதம் என்று கேட்டார். மேலே கூரைகூட இல்லாத இடத்தில் மழையிலும் குளிரிலும் பிள்ளை பெறும் நம் பெண்களின் வலியை எழுதினார். தலித் பெண் எழுத்தின் தொடக்கம் என்று இன்று ஆய்வாளர்கள் எடுத்துக்காட்டுவது ஒரு பள்ளி மாணவியின் கட்டுரையைத்தான்.

தமிழ்நாட்டுக்கு வருவோம். 1924-ல் காட்டுமன்னார்கோயில் பகுதியில் பிறந்தவர் எல்.இளையபெருமாள். அவர் பள்ளியில் படித்த காலத்தில் தாழ்த்தப்பட்ட மாணவர்களுக்கென்று தனியாகத் தண்ணீர்ப் பானை வைத்திருந்தார்கள். அந்தப் பானையை உடைத்தார் மாணவர் இளையபெருமாள். கடைசியில் எல்லோருக்கும் ஒரே பானை என்றானது. 1952-ல் நாட்டின் முதல் மக்களவைக்கே உறுப்பினராகப் போனார். தீண்டாமை குறித்து ஆராய மத்திய அரசு 1965-ல் அமைத்த குழுவுக்குத் தலைவரானார். 1969-ல் வந்த அந்த அறிக்கை, பரம்பரை அர்ச்சகர் முறையை ஒழிக்க வேண்டும் என்று பரிந்துரைத்தது. அதையடுத்துத்தான் தமிழக அரசு சட்டத்திருத்தம் கொண்டுவந்தது. பானையை உடைத்த கைதான் பிறகு அறிக்கையை எழுதியது. இடையில் ஓடியது முப்பது ஆண்டு, கேள்வி ஒன்றேதான்.

அவர் 2005-ல் மறைந்தார். சிதம்பரத்தில் அரசு கட்டிய நினைவரங்கம் 2025 ஜூலையில் திறக்கப்பட்டது. வரவேற்கிறோம். ஆனால் நம் தலைவர்களுக்கு அங்கீகாரம் வந்துசேர ஏன் இத்தனை காலம் ஆகிறது என்ற கேள்வியும் கூடவே வருகிறது.

நாமே தள்ளிவைத்த கதை

இந்தக் குறை மற்றவர்களிடம் மட்டும் இல்லை. அமெரிக்காவில் நடந்த ஒன்றைச் சொன்னால் விளங்கும்.

அலபாமா மாநிலத்தின் மான்ட்கோமரி நகரப் பேருந்துகளில் வெள்ளையருக்கு முன்னிருக்கை, கறுப்பினத்தவருக்குப் பின்னிருக்கை. வெள்ளையர் நின்றால் கறுப்பினத்தவர் எழுந்துவிட வேண்டும். எழ மறுத்துக் கைதானவர் என்று நாம் பாடத்தில் படிக்கும் பெயர் ரோசா பார்க்ஸ். அது 1955 டிசம்பர் 1. அதற்கு ஒன்பது மாதம் முன்பே, மார்ச் 2 அன்று, அதே நகரத்தில் பள்ளிவிட்டு வந்துகொண்டிருந்த பதினைந்து வயது மாணவி கிளாடெட் கால்வின் எழ மறுத்தார். போலீசார் அவருக்கு விலங்கு மாட்டி இழுத்துப்போனார்கள்.

அந்த மாணவியை முன்னிறுத்திப் போராட்டம் நடத்தலாமா என்று கறுப்பினத் தலைவர்கள் யோசித்தார்கள். வேண்டாம் என்று விட்டுவிட்டார்கள். சின்னப் பெண். ஏழைக் குடும்பம். கறுப்பினத்திலும் இன்னும் கறுத்த நிறம். சில மாதங்களில் கல்யாணம் ஆகாமலே கர்ப்பமும் ஆனார். ‘இவரை முன்னால் நிறுத்தினால் ஊர் என்ன சொல்லும்’ என்ற கவலை. ஆனாலும் 1956-ல் பேருந்துப் பாகுபாட்டை எதிர்த்து நான்கு பெண்கள் தொடுத்த வழக்கில் கிளாடெட்டும் ஒருவர். நீதிமன்றத்தில் சாட்சி சொன்னார். பேருந்தில் இருக்கை பிரிப்பது செல்லாது என்ற தீர்ப்பு வந்தது அந்த வழக்கில்தான். அவர் சிறுமியாக இருந்தபோது போட்ட வழக்கின் பதிவை நீதிமன்றம் அழித்தது 2021-ல். அப்போது அவருக்கு வயது 82.

அந்தத் தலைவர்கள் கெட்டவர்கள் அல்ல. நம்மைப் போன்றவர்கள். இயக்கக் கூட்டங்களில் நாமும் இதைத்தானே செய்கிறோம்? நாற்காலி போட, போஸ்டர் ஒட்ட, பறையடிக்க, ஆள் கூட்டிவர இளம்பிள்ளைகள். மைக் பிடிக்கப் பெரியவர்கள். கூட்ட முடிவில் ‘இளைஞர்களுக்கும் நன்றி’ என்று ஒரே வரி. பெண்பிள்ளை என்றால் அதுவும் இல்லை. டம்ளரும் தண்ணீர்க் குடமும்தான். அந்த ஆகஸ்ட் 15 பந்தலில், கையெழுத்தைப் பார்க்கும்வரை நாமும் அவரிடம் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு டம்ளரைத் திருப்பிக் கொடுத்தவர்கள்தான்.

அங்கீகரித்தால் என்ன நடக்கும்?

மேற்கு வங்கத்தின் புருலியா மாவட்டத்தில் பீடி சுற்றும் குடும்பத்தில் பிறந்தவர் ரேகா காளிந்தி. அவரும் பீடி சுற்றிக்கொண்டே, குழந்தைத் தொழிலாளர்களுக்கான சிறப்புப் பள்ளியில் படித்தார். பன்னிரண்டு வயதுக்குள் வீட்டில் கல்யாணம் பேசினார்கள். அக்காவுக்குச் சின்ன வயதிலேயே கல்யாணம் ஆகி, பெற்ற குழந்தைகள் தங்காமல் போனதைக் கண்ணால் பார்த்தவர். மாட்டேன் என்றார். அடி விழுந்தது. தோழிகளிடமும் ஆசிரியரிடமும் சொன்னார். தொழிலாளர் துறை அதிகாரி வீட்டுக்கே வந்து பெற்றோரிடம் பேசினார்.

இதுவரை நம் ஊர்க் கதைதான். அதற்குப் பிறகு நடந்ததுதான் வேறு. அந்தச் சிறுமியின் சொல்லைச் சுற்றியிருந்த பெரியவர்கள் வெளியே கொண்டுபோனார்கள். 2009-ல் குடியரசுத் தலைவர் பிரதிபா பாட்டீல் அவரையும், அதே மாவட்டத்தில் அதேபோல் மறுத்த அஃப்சானா காத்தூன், சுனிதா மஹதோ ஆகியோரையும் அழைத்துச் சந்தித்தார். அடுத்த ஆண்டு குடியரசு தினத்தையொட்டி தேசிய வீரதீர விருது கிடைத்தது. ரேகா மற்ற ஊர்களுக்கும் போய்ப் பேசினார். ‘அந்தப் பிள்ளை சொன்னாளே, நானும் சொல்கிறேன்’ என்று அந்த வட்டாரத்தில் வேறு சிறுமிகளும் கல்யாணத்தை மறுக்கத் துணிந்தார்கள்.

ஒரு பிள்ளையைப் பாராட்டினால் அந்த ஒரு பிள்ளையோடு அது நிற்பதில்லை. பார்த்துக்கொண்டிருக்கிற பத்துப் பிள்ளைகளுக்கு வழி தெரிகிறது. கிருஷ்ணகிரி, தருமபுரி போல இளவயதுக் கல்யாணம் இன்னும் ஓயாத மாவட்டங்களுக்கு இது மிகவும் தேவையான பாடம்.

சட்டத்தில் இருக்கிற நாற்காலி

விருதுகள் இல்லாமல் இல்லை. பெண்குழந்தைகளின் கல்விக்கு உதவியவர்கள், குழந்தைத் திருமணத்தைத் தடுத்தவர்கள், குழந்தைத் தொழிலாளர் ஒழிப்புக்கு உழைத்தவர்கள் என்று, 18 வயதுக்கு உட்பட்ட பெண்குழந்தைகளுக்கு மாநில அரசு ஆண்டுதோறும் ஜனவரி 24, தேசிய பெண் குழந்தைகள் தினத்தையொட்டி விருது தருகிறது. ஒரு லட்சம் ரூபாயும் பாராட்டுப் பத்திரமும் உண்டு. மாவட்ட சமூகநல அலுவலகத்தில் விவரம் கேட்கலாம். சமூகப் பணி செய்யும் இளைஞர்களுக்கு முதலமைச்சரின் மாநில இளைஞர் விருது, சுதந்திர தினத்தில் வழங்கப்படுகிறது. 5 முதல் 18 வயதுவரை உள்ள பிள்ளைகளுக்கு ஒன்றிய அரசின் பால புரஸ்கார் இருக்கிறது. அதில் சமூக சேவைக்கென்றே ஒரு பிரிவு உண்டு.

சிக்கல் எங்கே? விருதுக்கு விண்ணப்பிக்க வேண்டும். செய்த வேலைக்கு ஆதாரம் காட்ட வேண்டும். கோயில் திண்ணையில் பாடம் சொல்லிக்கொடுத்ததற்கு யார் சான்று கொடுத்திருக்கிறார்கள்? அந்தக் காகித வேலையைச் செய்ய வேண்டியது ஆசிரியர்களும் படித்த நாமும்தான். ஊருக்கெல்லாம் மனு எழுதிக்கொடுக்கும் பிள்ளைக்கு ஒரு மனு எழுதிக்கொடுக்க ஆளில்லை என்பது நமக்கு அழகல்ல.

விருதைவிடப் பெரியது இடம். கிராம அளவிலான குழந்தைகள் பாதுகாப்புக் குழு என்று ஒன்று ஒவ்வொரு ஊராட்சியிலும் இருக்க வேண்டும். அங்கன்வாடிப் பணியாளர், ஆசிரியர், கிராமச் செவிலியரோடு குழந்தைகளின் பிரதிநிதிகள் இரண்டு பேரும் அதில் உறுப்பினராக இருக்க வேண்டும் என்பது விதி. உங்கள் ஊராட்சியில் அந்த இரண்டு பேர் யார் என்று கேட்டுப் பாருங்கள். பல இடங்களில் பெயர் காகிதத்தில் இருக்கும். அந்தப் பிள்ளைக்கே தெரியாது. அந்த இரண்டில் ஒன்று காலனிப் பிள்ளையாக இருக்கட்டும். பள்ளி மேலாண்மைக் குழுவில் இப்போது முன்னாள் மாணவர்களுக்கும் இடம் உண்டு. இந்தப் பிள்ளைகள் பள்ளியை முடித்து வெளியே வரும்போது அந்த இடம் அவர்களுக்குப் போகட்டும்.

பள்ளிகளில் சாதி வன்முறையைத் தடுப்பது குறித்து ஆராய்ந்த நீதியரசர் கே.சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. எல்லாச் சமூகப் பிள்ளைகளும் சேர்ந்த ‘சமூக நீதி மாணவர் படை’ ஒன்றை அமைக்கச் சொன்னது. மாணவரைத் திருத்தப்பட வேண்டியவராக மட்டும் பார்க்காமல், சமூகத்தைத் திருத்தக்கூடியவராகவும் பார்த்த பரிந்துரை அது. அப்படியொரு படை வந்தால் அதற்கு ஆள் தேட வேண்டியதில்லை. ஏற்கெனவே திண்ணைகளில் உட்கார்ந்திருக்கிறார்கள்.

பாராட்டு பாரமாகக் கூடாது

எச்சரிக்கையாகவும் ஒன்று சொல்ல வேண்டும். நல்ல பிள்ளை என்று தெரிந்துவிட்டால் ஊர் வேலை எல்லாவற்றையும் அதன் தலையில் கட்டிவிடுவது நம் வழக்கம். தெருவிளக்கை எரியவைப்பது பதினாறு வயதுப் பிள்ளையின் பொறுப்பு அல்ல; அது ஊராட்சியின் வேலை. கல்யாணத்தை நிறுத்த அந்தப் பிள்ளை தனியாகப் போய் நிற்கக் கூடாது. 1098-க்கு ஒரு போன் போதும், மற்றதை அதிகாரிகள் பார்க்க வேண்டும். பரீட்சை மாதத்தில் மாலை வகுப்பைப் பெரியவர்கள் யாராவது எடுத்துக்கொள்ள வேண்டும். போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் போடுவதற்கு முன் அந்தப் பிள்ளையையும் வீட்டாரையும் கேட்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக அந்தப் பிள்ளை படிக்க வேண்டும். ஊரைப் படிக்கவைத்து, தான் பாதியில் நின்றுபோன அக்காக்கள் நம் காலனிகளில் ஏற்கெனவே நிறைய.

இதை வாசிக்கும் மாணவர்களே, நீங்கள் செய்வது சின்ன வேலை என்று நினைக்காதீர்கள். பாட்டிக்கு மாத்திரைச் சீட்டை வாசித்துக் காட்டுவதும், தம்பிக்கு வாய்ப்பாடு சொல்லிக்கொடுப்பதும், சாதிச் சான்றிதழுக்கு இ-சேவை மையத்தில் யாருக்காவது கூட நிற்பதும் பொதுப்பணிதான். ஒரு நோட்டில் தேதி போட்டு எழுதிவையுங்கள். நாளைக்கு அதுவே சான்று.

பெரியவர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த கிராம சபையில் மேடைக்கு முன்னால் உட்காரும்போது, மனுக்களின் கையெழுத்தைப் பாருங்கள். எழுதியது யார் என்று எல்லோருக்கும் கேட்கும்படி கேளுங்கள். அந்தப் பிள்ளை விரும்பினால், தன் மனுவைத் தானே எழுந்து வாசிக்கட்டும். தண்ணீரை அன்றைக்கு நாம் ஊற்றிக் கொடுக்கலாம்.

கூட்டம் முடிந்து திரும்பியபோது அந்தக் காலனியைத் தாண்டித்தான் வந்தோம். ஆயா வாசலில் உட்கார்ந்திருந்தார். அவர் பேத்தி எழுதிய மனுவின் நகலைக் காட்டி, இதை எழுத நாங்கள் எம்.ஏ. படித்தவர்களே இரண்டு தடவை யோசிப்போம் என்று சொன்னோம். எழுத்து தெரியாத அந்த ஆயா காகிதத்தை வாங்கி, திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு உள்ளே திரும்பிக் குரல் கொடுத்தார்: “கண்ணு, மணி ஆறரை ஆவப் போவுது. புள்ளைங்க வந்துடும். வெளக்கப் போடு.”